வோல்ட் டிஸ்னி: மிக்கி எலிக்குப் பின்னால் நின்றவர்கள்

லிப்டன் என்ற பெயரை அப்புத்தளையில் அறியாதார் இல்லை. 1890ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்து இப்பகுதியில் தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டனின் பெயர், தேயிலைப் பெட்டிகளில் ஏறி உலகம் சுற்றியது. கொழுந்து பறித்தவளின் பெயரோ செக்ரோலைத் தாண்டிப் போகவில்லை. கார்ட்டூன் பட உலகிலும் அப்படி ஒரு பெயர் உண்டு. அது வோல்ட் டிஸ்னி.

1901ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் திகதி அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பிறந்தார் அவர். தந்தை எலியாஸ் புரட்டஸ்தாந்து சபையைச் சேர்ந்த கண்டிப்பான மனிதர்; எதில் கை வைத்தாலும் நிலைக்காதவர். மிசூரி மாநிலத்தில் அவர் செய்த விவசாயம் நொடித்தது. பின்னர் கன்சாஸ் நகரில் பத்திரிகை விநியோகத்தைப் பொறுப்பேற்றார். வோல்ட்டும் அண்ணன் ரோயும் விடியுமுன் எழுந்து, பனியில் நடந்து வீடு வீடாகப் பத்திரிகை போட்டார்கள். அந்த வேலைக்குத் தந்தை கூலி கொடுக்கவில்லை. ஊதியமில்லா உழைப்பு இன்னதென்று அச்சிறுவன் அறிந்திருந்தான் என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

1919இல் விளம்பரச் சித்திரம் வரையும் கடையொன்றில் வேலைக்கமர்ந்தார். அங்கேதான் அப் ஐவர்க்ஸ் என்ற இளைஞரின் நட்புக் கிடைத்தது. அடுத்த ஆண்டு சினிமா விளம்பரக் கம்பெனிக்கு மாறினார். சித்திரத்தை அசைய வைக்கும் வித்தையை நூலகப் புத்தகமொன்றைப் பார்த்தே கற்றார். 1922இல் தொடங்கிய சொந்தக் கம்பெனி மறு ஆண்டே வங்குரோத்தானது. வெறுங்கையோடு ஹொலிவூட் சென்று, ரோயுடன் சேர்ந்து 1923இல் மீண்டும் தொடங்கினார். 1928இல் இன்னொரு அடி. அவர் படைத்த முயல் பாத்திரத்தின் உரிமை விநியோகஸ்தர் கைக்குப் போனது; சித்திரக்காரர்களில் பெரும்பாலானோரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். ஐவர்க்ஸ் விட்டுப் போகவில்லை. அவர் கையால் வரையப்பட்டதே மிக்கி எலி. அவ்வாண்டு நவம்பரில் ஒலியோடு வெளிவந்த மிக்கி படம் இருவர் தலைவிதியையும் மாற்றியது.

டிஸ்னியே எல்லாவற்றையும் வரைந்தார் என்று இன்றும் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் 1920களின் நடுப்பகுதிக்குப் பின் அவர் படங்களுக்குப் பென்சில் எடுக்கவில்லை. கதையைத் தேர்வதும், ஆட்களைத் தேர்வதும், திருத்துவதும்தான் அவர் வேலை. வரைந்தவர்கள் வேறு.

அவர்கள் வேலை எப்படி நடந்தது? ஒரு வினாடிக்கு 24 படங்கள் திரையில் ஓடவேண்டும். மூத்த சித்திரக்காரர் ஓர் அசைவின் முக்கிய நிலைகளை மட்டும் வரைவார். உதவியாளர் கோடுகளைச் சுத்தம் செய்வார். இரண்டு நிலைகளுக்கு இடையில் வரவேண்டிய படங்களைப் புதிதாகச் சேர்ந்த பையன் நிரப்புவான். பிறகு பெண்கள் அவற்றைக் கண்ணாடி போன்ற செலுலோயிட் தாளில் மையால் பிரதி எடுத்து, பின்புறம் வர்ணம் தீட்டுவார்கள். கடைசியில் கமராக்காரர் ஒவ்வொன்றாகப் படம் பிடிப்பார். 1937இல் வெளிவந்த, 83 நிமிடம் ஓடும் ஸ்னோ வைட் படத்தைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 120,000 சட்டங்கள் வரும். எத்தனை கைகள் வேண்டும், பாருங்கள்!

இந்தக் கைகளைப் பழக்கியதுதான் டிஸ்னியின் பெரும் சாதனை என்பது என் எண்ணம். 1929 முதல் தம் சித்திரக்காரர்களை இரவு வகுப்புக்கு அனுப்பினார். 1932இல் டொன் கிரஹம் என்ற ஓவிய ஆசிரியரை வரவழைத்து ஸ்டூடியோவிலேயே வகுப்பு வைத்தார். மனிதன் நடப்பதையும் மிருகம் திரும்புவதையும் உற்றுப் பார்த்து வரையப் பழக்கினார்கள். கடைநிலையில் சேர்ந்தவனும் படிப்படியாக மேலே வர வழியிருந்தது. பெண்களுக்கு அந்த வழி வெகுகாலம் அடைபட்டே கிடந்தது. 1942இல் வந்த பம்பி படத்தில்தான் ரெட்டா ஸ்கொட் என்ற பெண்ணின் பெயர் சித்திரக்காரர் வரிசையில் இடம்பெற்றது.

1930களின் குறும்படங்களிலோ பெரும்பாலும் டிஸ்னியின் பெயர் மட்டுமே தெரியும். சம்பளத்தில் மேலிருந்தவருக்கும் கீழிருந்தவருக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். ஐரோப்பாவில் போர் மூண்டு வருமானம் குறைந்தபோது ஆட்குறைப்பும் வந்தது. சங்கத்தில் முன்நின்ற ஆர்ட் பெபிட் என்ற சிறந்த கலைஞரை டிஸ்னி வேலைநீக்கம் செய்தார். 1941 மே மாதம் வேலைநிறுத்தம் வெடித்தது. வாரக்கணக்கில் நீடித்த பின், நடுவர்களின் தலையீட்டால் நிர்வாகம் சங்கத்தை ஏற்றுக்கொண்டது. டிஸ்னியின் மனம் ஆறவில்லை. 1947இல் அமெரிக்கப் பாராளுமன்ற விசாரணைக் குழு முன், வேலைநிறுத்தத்தின் பின்னால் கம்யூனிஸ்டுகள் இருந்ததாகச் சாட்சி சொன்னார்.

தொழிலாளர் சங்கம் அமைப்பது உரிமை என்று பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1891இலேயே சுற்றுமடல் எழுதியிருந்தார். தோட்டத்தில் சங்கம் கட்டப் பட்ட பாட்டை நம் மூத்தவர்கள் அறிவார்கள். கூலியில்லாமல் பத்திரிகை போட்ட பையன், வளர்ந்து முதலாளியானபின் தொழிலாளியின் முறையீட்டைத் துரோகமாகக் கண்டது அவர் வாழ்வின் வருந்தத்தக்க பகுதி.

ஓயாமல் புகைத்தவர் அவர். 1966 டிசம்பர் 15ஆம் திகதி, 65ஆம் வயதில், நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்.

அவர் ஸ்டூடியோவில் பழகிய கைகளில் ஒன்று நம் பக்கமும் வந்தது. இந்தியாவில் மிஷனரிமார் குடும்பத்தில் பிறந்த கிளேர் வீக்ஸ், டிஸ்னியிடம் பணிசெய்தபின் 1956இல் பம்பாய்க்கு வந்து, அரசாங்கத் திரைப்படப் பிரிவில் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மறு ஆண்டு ஆலமரத்து மான் என்ற ஜாதகக் கதை கார்ட்டூன் படமாயிற்று. அங்கு பயின்றவர்களில் ஒருவர் ராம் மோகன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்த அவர், மேற்படிப்பை விட்டுவிட்டுப் பென்சிலைக் கையில் எடுத்தார்.