ஆர்தர் எர்னஸ்ட் மோர்கன்

ஆர்தர் எர்னஸ்ட் மோர்கன் (ஜூன் 20, 1878 - நவம்பர் 16, 1975) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த குடிசார் பொறியியலாளரும் கல்வியாளரும் ஆவார். ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் நகரையும் அதனையடுத்த ஆற்றோர ஊர்களையும் வெள்ளத்திலிருந்து காக்க இவர் தலைமையில் கட்டப்பட்ட ஐந்து மண் அணைகளுக்காகப் பெரிதும் அறியப்படுகிறார்.

இளமை

சின்சினாட்டி அருகே பிறந்த மோர்கன், மினசோட்டா மாநிலத்தில் வளர்ந்தார். இவர் பொறியியல் பட்டம் பெற்றவர் அல்லர். நில அளவையாளரான தந்தையுடன் பணியாற்றித் தொழிலைக் கற்றார். 1910 இல் மெம்பிஸ் நகரில் சொந்தமாகப் பொறியியல் நிறுவனம் தொடங்கினார்.

டேட்டன் வெள்ளம்

1913 மார்ச்சில் மயாமி ஆறு கரைகளை உடைத்துக்கொண்டு டேட்டன் நகருக்குள் புகுந்தது. அப்பள்ளத்தாக்கில் 360 பேருக்கு மேல் உயிரிழந்தனர். நகர மக்கள் ஏறத்தாழ 20 இலட்சம் டாலர் நிதி திரட்டி, தடுப்புத் திட்டம் வகுக்கும் பொறுப்பை மோர்கனிடம் ஒப்படைத்தனர்.

மண் அணைகள்

ஆற்றிலும் அதன் கிளைகளிலும் 1918 முதல் 1922 வரை ஐந்து அணைகள் கட்டப்பட்டன. இவற்றுக்குத் திறந்து மூடும் கதவுகள் இல்லை. அடிப்பகுதியில் எப்போதும் திறந்தே இருக்கும் கான்கிரீட் வழிகள் உண்டு. வழக்கமான நாட்களில் ஆறு தடையின்றி ஓடும். பின்புற நிலத்தில் வேளாண்மை நடக்கும். வெள்ளக் காலத்தில் அவ்வழிகள் கொள்ளும் அளவு நீரே வெளியேறும். எஞ்சியது தேங்கிப் பின்னர் தானே வடிந்துவிடும். ஆகவே, நெருக்கடி வேளையில் கதவைத் திறப்பதா மூடுவதா என்று எவரும் முடிவெடுக்க வேண்டியதில்லை. 1913 வெள்ளத்தைவிட 40 விழுக்காடு மிகுதியான வெள்ளத்தைத் தாங்குமாறு இவை வடிவமைக்கப்பட்டன.

எதிர்ப்பு

கீழ்ப்பகுதி நகரங்களின் பாதுகாப்புக்காகத் தங்கள் நிலம் மூழ்க வேண்டுமா என மேற்பகுதி உழவர்கள் எதிர்த்தனர். 1914 இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டமே திட்டத்திற்கு வழிவகுத்தது. ஹஃப்மன் அணையின் நீர் தேங்கும் எல்லைக்குள் அமைந்த ஆஸ்போர்ன் என்னும் சிற்றூர் வீடுகளோடு வேறிடத்துக்குப் பெயர்க்கப்பட்டது. இன்று அது ஃபேர்போர்ன் நகரின் பகுதியாகும்.

பிற்காலம்

1920 முதல் 1936 வரை ஆன்டியாக் கல்லூரியின் தலைவராக இருந்தார். 1933 இல் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் முதல் தலைவரானார். உடன் இயக்குநர்களுடன் ஏற்பட்ட பூசலையடுத்து, 1938 இல் குடியரசுத் தலைவர் ரூசவெல்ட் இவரைப் பதவிநீக்கம் செய்தார்.

1948 இல் இராதாகிருஷ்ணன் தலைமையில் இந்திய அரசு அமைத்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவில் இவர் உறுப்பினராக இருந்தார். ஆற்காடு இலட்சுமணசுவாமி முதலியாரும் அக்குழுவில் இடம்பெற்றிருந்தார். ஊரகப் பல்கலைக்கழகங்கள் அமைக்க வேண்டும் என்பது அக்குழுவின் பரிந்துரைகளுள் ஒன்று.

ஐந்து அணைகளும் ஆயிரம் முறைக்கு மேல் வெள்ளநீரைத் தேக்கியுள்ளன. 1913 ஐப் போன்ற வெள்ள அழிவை டேட்டன் மீண்டும் சந்திக்கவில்லை.