கப்பல் போனபின் திறந்த கடை

சில வருடங்களுக்கு முன், ஒரு வாழ்வாதாரச் செயற்திட்டத்துக்காக வெற்றிக் கதைகள் எழுதிக்கொண்டிருந்தேன். ஊடகக் கற்கையில் பட்டம் இருந்தது, நிரந்தர வேலை இல்லை. ஒரு கதைக்கு இவ்வளவு என்று காசு தந்தார்கள். எங்கள் கீரியில் கருவாடு போடும் ஒரு அக்காவைப் பற்றியும் எழுதினேன். போரில் கணவனை இழந்தவர், இடம்பெயர்ந்து திரும்பிவந்தவர், கிடைத்த உதவியில் தொழில் தொடங்கி எழுந்து நிற்பவர். படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். நுண்கடன் கம்பனிக்காரர் கிழமைக்கு ஒருதடவை அவர் வாசலில் வந்து நிற்பதை மட்டும் நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் அது வெற்றிக் கதையாக இருந்திருக்காது. அச்சாகி வந்ததை வாசித்துவிட்டு, இதில் இருக்கிற பெண் யார் என்று அக்கா என்னிடம் கேட்டார். கோபத்தோடுகூடக் கேட்கவில்லை.

அந்தக் கேள்வி உள்ளே கிடந்து உறுத்திய நாட்களில்தான் வ.உ.சிதம்பரம்பிள்ளையின் வாழ்க்கையைத் தேடி வாசித்தேன். எங்கள் கரையில் நின்று பொழுது படும் பக்கம் பார்த்தால், வளைகுடாவுக்கு அந்தப்புறம் அவருடைய தூத்துக்குடி. 1961இல் சிவாஜி நடித்து வந்த படத்தால் எங்கள் பெரியவர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். கப்பல் விட்டார், சிறையில் செக்கிழுத்தார். கதை அதோடு நின்றுவிடும். ஆனால் சிறையிலிருந்து வெளியே வந்தபின் அவர் இன்னும் 24 வருடங்கள் உயிரோடு இருந்தார். அந்த வருடங்களை வெட்டியவர்களும் என்னைப்போல் வெற்றிக் கதை எழுதியவர்கள்தான் என்று எனக்குத் தோன்றியது.

1872 செப்டெம்பர் 5ஆம் திகதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தகப்பன் உலகநாதபிள்ளை வக்கீல், மகனும் வக்கீலானார். ஏழைகளின் வழக்குகளை எடுப்பதும் பொலிஸ்காரருக்கு எதிராக வாதாடுவதும் மகனின் வழக்கமாகிவிட, அதனால் வந்த பகை தாங்காமல் தகப்பன் அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவைத்தார். வீட்டிலும் அதே ஆள்தான். இராமையா தேசிகர் என்ற கண்பார்வையற்ற துறவியை வீட்டில் வைத்துப் பராமரித்தார்கள். அவருடைய சாதியைக் காட்டி உறவினர் முணுமுணுத்தபோது, மனைவி வள்ளியம்மைக்குச் சங்கடம் வருமோ என்று வ.உ.சி. சற்றுத் தயங்கினார். வள்ளியம்மை தயங்கவில்லை. தன் கையாலேயே அவருக்குச் சோறு போட்டார். வள்ளியம்மை இளவயதிலேயே காலமாகிவிட்டார். தான் தயங்கியதையும் மனைவி தயங்காததையும் வ.உ.சி. பின்னர் தன் சுயசரிதையில் மறைக்காமல் எழுதினார்.

அந்தக் காலத்தில் தலைமன்னார் இறங்குதுறை இல்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது 1914இல்தான். அதற்கு முன் கொழும்புக்கு வரும் பெரும் வழிகளில் ஒன்று தூத்துக்குடித் துறைமுகம். தோட்டத் தொழிலாளியும் வந்தார், வியாபாரியும் வந்தார், சரக்கும் வந்தது. அந்த ஓட்டம் ஒரு பிரித்தானியக் கப்பல் கம்பனியின் கையில் இருந்தது. 1906 ஒக்டோபரில் வ.உ.சி. சுதேசி நாவாய்ச் சங்கம் என்ற கம்பனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 இலட்சம் ரூபா, 25 ரூபாப் பங்குகள் 40,000. இந்தியருக்கும் இலங்கையருக்கும் ஏனைய ஆசியருக்கும்தான் அந்தப் பங்குகள் என்று வைத்தார்கள். அந்த வரிசையில் நாங்களும் இருந்தோம் என்பது எங்கள் பாடப் புத்தகங்களில் இல்லை. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் 8,000 பங்குகளுக்கு 2 இலட்சம் ரூபாவைக் கொடுத்தார்.

முதலில் வாடகைக் கப்பலில் தொடங்கினார்கள். எதிர்க் கம்பனி நெருக்கடி கொடுத்து அந்த வாடகையை முறித்தது. வ.உ.சி. கொழும்புக்கு வந்து வேறொரு கப்பலை அமர்த்தினார். வாடகைக் கப்பலை நம்பிக் காலம் தள்ள முடியாது என்று தெரிந்ததும் சொந்தக் கப்பல் தேடிப் பம்பாய்க்குப் போனார். வீட்டில் மனைவி கர்ப்பிணி, மகனுக்குச் சுகமில்லை. ஆனாலும் போனார். 1907இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தன. ஒன்றில் ஏறத்தாழ 1,300 பேர் பயணம் செய்யலாம். எதிர்க் கம்பனி கட்டணத்தை ஒரு ரூபாவாக இறக்கியது. சுதேசிக் கம்பனி அரை ரூபாவாக்கியது. அடுத்து அவர்கள் இலவசமாகவே ஏற்றுவோம், குடையும் தருவோம் என்றார்கள். எங்கள் கரையில் வெளியூர் முதலாளி ஒரு கிழமைக்கு மட்டும் மீனுக்கு விலையைக் கூட்டிக் கொடுத்து, கூட்டுறவுச் சங்கத்தின் தராசைக் காயவைத்த கதைகளைக் கேட்டவர்களுக்கு அந்தக் குடையின் விலை விளங்கும்.

1908 பெப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நீண்ட நேர வேலை, சொற்பக் கூலி, கிழமையில் ஒரு நாள்கூட ஓய்வில்லை, சிறுவர்களும் மில் வேலையில். அவர்களுக்கு முன்னால் நின்றவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். பணக்காரரின் பங்குப் பணத்தில் கம்பனி நடத்தும் ஒருவர் மில் வாசலில் கூலிக்காரரோடு நின்றார் என்பதை நான் இரண்டு தடவை வாசித்தேன். ஊரில் நன்கொடை திரட்டி, சாப்பாட்டுக்கு வழிசெய்து, சிலருக்கு வேறு வேலையும் தேடிக்கொடுத்தார். தொழிலாளருக்கு எதிராகப் பேசிய ஒரு வக்கீலுக்கு நாவிதர் பாதிச் சவரத்தோடு எழும்பிப் போய்விட்டார் என்று ஒரு கதையும் உண்டு. ஒன்பது நாளில் மில் இறங்கிவந்தது. கூலி கூடியது, வேலைநேரம் குறைந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது.

மார்ச் 12ஆம் திகதி அவரைக் கைதுசெய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது, துப்பாக்கிச்சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். ஜூலையில் தீர்ப்பு: இரண்டு ஆயுள் தண்டனை, மொத்தம் 40 வருடம். மேன்முறையீட்டில் அது குறைந்தது. கோயம்புத்தூர், கண்ணனூர்ச் சிறைகள். செக்கிழுத்ததை எல்லோரும் சொல்வார்கள். உள்ளே இருந்த கைதிகளுக்கு மனு எழுதிக்கொடுத்ததைச் சொல்பவர்கள் குறைவு. வக்கீல் சன்னது போனாலும் வக்கீல் வேலையை அவர் விடவில்லை.

அவர் உள்ளே இருக்கும்போதே, 1911இல் கம்பனி கலைக்கப்பட்டது. கப்பல் விற்கப்பட்டது. இந்த இடத்தில் எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. அவருடைய அரசியல் கம்பனியைக் கெடுக்கிறது என்று பங்குதாரர்களில் ஒரு பகுதியினர் முன்பே குறைப்பட்டார்கள். அதை வெறும் கோழைத்தனம் என்று தள்ள என்னால் முடியவில்லை. 25 ரூபாவைச் சேர்த்துக்கட்டிய ஒருவருக்கு அது பெரிய காசு. சங்கத் தலைவர் மேடை ஏறினால் அங்கத்தவரின் சேமிப்புக்கு என்ன நடக்கும் என்ற பயம் எங்கள் ஊரிலும் இருக்கிறது. வ.உ.சி. கம்பனிக்கு ஒரு முகம், மில்லுக்கு இன்னொரு முகம் என்று வைத்திருந்தால் கப்பல் இன்னும் சில வருடங்கள் ஓடியிருக்கலாம். கோரல் மில் தொழிலாளிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை கிடைத்திருக்குமோ தெரியாது.

1912 டிசெம்பரில் வெளியே வந்தபோது வரவேற்க வந்தவர்கள் ஒரு கைப்பிடி ஆட்கள். சன்னது இல்லை, சொந்த மாவட்டத்துக்குப் போகவும் முடியவில்லை. சென்னையில் கடை வைத்தார். மளிகைச் சாமானும் மண்ணெண்ணெயும் விற்றார். கடையும் சரிப்பட்டு வரவில்லை. தென்னாபிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று சேர்த்த பணம் காந்தியிடம் இருந்தது. 1915இல் வ.உ.சி. அதைக் கேட்டு எழுதத் தொடங்கினார். கணக்கு எங்கே, எவ்வளவு, எப்போது வரும் என்று திரும்பத் திரும்ப எழுதினார். தன் குடும்பம் படும் கஷ்டத்தையும் அந்தக் கடிதங்களில் ஒளிக்கவில்லை. அடுத்த வருடம்தான் 347 ரூபா 12 அணா கையில் கிடைத்தது. வெளிநாட்டுக் காசை எதிர்பார்த்து வாசலில் இருந்தவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். அந்தக் காத்திருப்பில் இருக்கும் கூச்சம் எங்களுக்குத் தெரியும். அவர் கூச்சத்தையும் வைத்துக்கொண்டுதான் கேட்டார்.

பிறகு வாலஸ் என்ற நீதிபதியின் தயவால் சன்னது திரும்பக் கிடைத்தது. தன்மேல் நடந்த வழக்கில் தொடர்புபட்டிருந்த வெள்ளைக்கார அதிகாரி அவர். நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். ஒரு விடுதலை வீரர் இப்படிச் செய்யலாமா என்று யாரும் கேட்டிருந்தாலும் அவர் பெயரை மாற்றியிருப்பார் என்று நான் நம்பவில்லை. கோவில்பட்டியில் வக்கீல் தொழில் செய்தார், பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார். 1936 நவம்பர் 18ஆம் திகதி தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்தில் காலமானார். விட்டுப்போன உயிலில் யார் யாருக்குத் தான் கடன்பட்டிருக்கிறார் என்ற விபரமும் இருந்தது.

போன மாதம் அக்காவின் கதையைத் திரும்ப எழுதினேன். காசு தரும் செயற்திட்டம் எதுவும் இம்முறை இல்லை. கருவாட்டுப் பாயும் இருக்கிறது, கடன்காரர் வந்து நிற்கும் செவ்வாய்க்கிழமையும் இருக்கிறது. கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்து உள்ளே போய் ஒரு கொப்பியை எடுத்துவந்து, கடன் தொகையை நான் ஐயாயிரம் குறைத்து எழுதியிருப்பதாகக் காட்டித் திருத்தச் சொன்னார்.