கணிப்பொறிக்கு மொழி தந்த கிரேஸ் ஹாப்பர் அம்மையார்

கணிப்பொறித் துறை ஆண்களுக்கே உரியது என்று எண்ணுவோர் இன்றும் உண்டு. அவர்களுக்கு நாம் கிரேஸ் ஹாப்பர் அம்மையாரின் வரலாற்றைச் சொல்லலாம்.

அம்மையார் 1906-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிறந்தார். ஏழு வயதில், அலாரம் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று அறிய ஒன்றைப் பிரித்துப் போட்டார். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. உடனே அடுத்ததைப் பிரித்தார். இப்படியே ஏழு கடிகாரங்கள்! அன்னையாரோ இனி ஒன்றோடு நிறுத்திக்கொள் என்று மட்டும் சொன்னாராம். நம் வீடுகளில் என்ன நடந்திருக்கும் என்பதை இங்கே எழுதாமல் விடுகிறோம்.

லத்தீன் பாடத்தில் மதிப்பெண் குறைந்ததால் வாஸர் கல்லூரியில் முதல்முறை அவருக்கு இடம் கிடைக்கவில்லை. மறு ஆண்டு சேர்ந்து, 1928-இல் பட்டம் பெற்றார். 1934-இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டமும் பெற்று, வாஸரிலேயே பேராசிரியையாகப் பணியாற்றினார்.

உலகப் போர் மூண்டது. கடற்படையில் சேர விரும்பிய அவரை, வயது அதிகம், எடை குறைவு என்று தடுத்தனர். அவர் விடவில்லை. தனி அனுமதி பெற்று 1943-இல் சேர்ந்தார். ஹார்வர்டில் இருந்த மார்க் 1 என்னும் 51 அடி நீளக் கணிப்பொறிக்குக் கட்டளைகள் எழுதும் பணி அவருக்குத் தரப்பட்டது.

அக்காலத்தில் கட்டளைகள் யாவும் எண்கள்தாம். ஒருவர் எழுதிய நல்ல பகுதியை மற்றவர் தம் நோட்டுப் புத்தகத்தில் பார்த்து எழுதிக்கொள்வர். புதிய இடத்திற்கேற்ப ஒவ்வோர் எண்ணையும் கூட்டி மாற்றவும் வேண்டும். பார்த்து எழுதுவதிலும் பிழை, கூட்டுவதிலும் பிழை! (கணக்கு நோட்டு எழுதும் நமக்கு இது புதிதல்ல.) சலிக்காமல் பார்த்து எழுதவும் கூட்டவும் எந்திரம் இருக்கையில் மனிதர் ஏன் வருந்த வேண்டும் என்று அம்மையார் சிந்தித்தார். பழைய பகுதிகளையெல்லாம் நாடாவில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்தார். அந்த எண்ணைச் சொன்னால் போதும், எந்திரமே அப்பகுதியைத் தேடி எடுத்துக் கோத்துவிடும். 1952-இல் உருவான இதுவே ஏ-0 என்னும் கம்பைலர். கணிப்பொறி கணக்குத்தான் போடும், நிரல் எழுதாது என்று சொல்லிப் பலர் அதைத் தொட்டும் பார்க்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த ஒன்றை இல்லை என்றவர்களை என்னென்பது!

பிறகு ஆங்கிலச் சொற்களாலேயே கட்டளையிடும் ஃபுளோ-மேட்டிக் மொழியை உருவாக்கினார். 1959-இல் தொடங்கிய கோபால் மொழிக்கு அதுவே பெரிதும் அடிப்படையாயிற்று.

அன்று கம்பைலர் கோத்துக் கொடுத்தது. இன்றோ புதிதாகப் படைக்கவும் செய்கிறது. சி பிளஸ் பிளஸ் மொழியில் 2011 முதல் லாம்டா என்னும் பெயரில்லாச் சிறு நிரல் உண்டு. நிரல் ஓடுவதற்கு முன்பே, மொழிபெயர்க்கும் நேரத்திலேயே, கம்பைலர் ஒவ்வொரு லாம்டாவுக்கும் ஒரு தனி வகையை உண்டாக்கிவிடும். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இரண்டு எழுதினாலும் அவை வேறு வேறு வகைகளே. உருவம் ஒன்றான இரட்டைப் பிள்ளைகளுக்கும் வருகைப் பதிவேட்டில் தனித்தனி எண் இருப்பது போல!

1966-இல் ஓய்வு பெற்ற அம்மையாரைக் கடற்படை மறு ஆண்டே திரும்ப அழைத்தது. 1986-இல் ரியர் அட்மிரலாக விடைபெற்றபோது அவருக்கு வயது 79. 1992 ஜனவரி முதல் நாள் காலமானார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. எடை போதாதென்று முதலில் அவரைத் தடுத்த அதே கடற்படை, பின்னர் ஒரு போர்க்கப்பலுக்கே ஹாப்பர் என்று பெயர் சூட்டியது.