கேமரா வேலை கேட்டுப் போய் சாமுராய் ஆனவர்: யார் இந்த தோஷிரோ மிஃபுனே?

1946-ல் டோக்கியோவின் டோஹோ ஸ்டுடியோவில் மிஃபுனே கேட்டது கேமரா உதவியாளர் வேலை. போர் முடிந்து ராணுவத்திலிருந்து வந்தவருக்குத் தெரிந்த தொழில் போட்டோகிராஃபிதான். ஆனா, விண்ணப்பம் புதுமுக நடிகர் தேர்வுக்குப் போய்விட்டது. கோபப்பட்டு நடிக்கச் சொன்னார்கள். பார்த்த இயக்குநர் அகிரா குரோசாவா அசந்துபோனார்.

‘செவன் சாமுராய்’ (1954), ‘யோஜிம்போ’ (1961) என இருவரும் சேர்ந்து 16 படங்கள். சாமுராய்னா விறைப்பா நிக்கணுமா என்ன? யோஜிம்போவில் உடம்பைச் சொறிந்துகொண்டு, தோளைக் குலுக்கி நடப்பார். கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் கௌபாய்க்கே அவர்தான் முன்னோடி.

‘ரெட் பியர்ட்’ (1965) படப்பிடிப்பு இழுத்துக்கொண்டே போனது. நிஜத் தாடியை எடுக்க முடியாமல் மற்ற படங்களை இழந்தார். அதன்பிறகு இருவரும் சேரவே இல்லை. 1997 டிசம்பரில் மிஃபுனே இறந்தார். அடுத்த செப்டம்பரில் குரோசாவாவும்.