எமன் வாயிலிருந்து 28 பேர்! தென் துருவ வீரர் ஷாக்கிள்டன் வரலாறு

1915-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 27-ந் தேதி.

உலகத்தின் தென்கோடியில், உறைந்துபோன கடலின் நடுவே ஒரு கப்பல் கதறிக்கொண்டிருந்தது.

ஆம், கதறல்தான்! நாலாபுறமும் பனிப் பாறைகள் நெருக்கின. கப்பலின் கனத்த மரச் சட்டங்கள் ஒவ்வொன்றாக முறிந்தன.

அதில் இருந்த 28 பேரும் பனியின்மேல் இறங்கி நின்றார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளை வெளேர் என்று பனி. ஊர் கிடையாது. மரம் கிடையாது. செய்தி அனுப்ப வழி கிடையாது. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

அந்த 28 பேருக்கும் தலைவர், சர் எர்னஸ்ட் ஷாக்கிள்டன். அப்போது அவருக்கு வயது 41.

அவர் தேடி வந்த புகழ் அன்றோடு போயிற்று. இனி ஒரே ஒரு வேலைதான் மிச்சம். எல்லோரையும் உயிரோடு வீடு சேர்க்கவேண்டும்!

கடல் அழைத்தது

ஷாக்கிள்டன் அயர்லாந்து நாட்டுக்காரர். கில்டேர் மாவட்டத்தில் உள்ள கில்க்கீ என்ற ஊரில், 1874-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 15-ந் தேதி பிறந்தார். வீட்டில் மொத்தம் 10 குழந்தைகள். அவர் இரண்டாவது பிள்ளை.

தந்தை முதலில் விவசாயம் செய்தார். பிறகு பிள்ளைகுட்டிகளோடு டப்ளின் நகரம் போய், மருத்துவம் படித்து டாக்டர் ஆனார். 1884-ல் குடும்பம் லண்டனில் குடியேறியது.

மகனும் டாக்டர் ஆகவேண்டும் என்பது தந்தையின் ஆசை. மகனுக்கோ பள்ளிக்கூடம் கசந்தது, கடல் இனித்தது. 16 வயதில் பாய்மரக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். படிப்படியாக முன்னேறி, 24-வது வயதில் கப்பல் தலைவர் ஆவதற்கான பரீட்சையிலும் தேறினார்.

ஒரு பிஸ்கோத்து

அந்தக் காலத்தில் தென் துருவத்தில் மனிதன் கால் வைத்ததில்லை. அங்கே முதலில் போவது யார் என்று பல நாட்டு வீரர்கள் துடித்துக்கொண்டிருந்தார்கள்.

1901-ல், ஸ்காட் என்ற கடற்படை அதிகாரியின் குழுவில் ஷாக்கிள்டன் சேர்ந்தார். 1902 டிசம்பரில் ஸ்காட், டாக்டர் வில்சன், ஷாக்கிள்டன் ஆகிய மூவரும் அதுவரை யாரும் போகாத தூரம் வரை தெற்கே போனார்கள்.

திரும்பும் வழியில் ஷாக்கிள்டன் நோயில் விழுந்தார். காய்கறி, பழம் இல்லாமல் நெடுநாள் இருந்தால் வரும் ஸ்கர்வி நோய் அது. ஈறு வீங்கும். மூச்சு வாங்கும். ஸ்காட் அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்.

1904-ல் ஷாக்கிள்டனுக்குத் திருமணம் நடந்தது. மனைவி பெயர் எமிலி. ஆனாலும் பனிப்பிரதேசம் அவரை விடவில்லை. 1907-ல் தாமே ஒரு குழுவுக்குத் தலைவராகக் கிளம்பினார்.

1909-ம் ஆண்டு ஜனவரி 9-ந் தேதி, அவரும் 3 தோழர்களும் தென் துருவத்தை நெருங்கிவிட்டார்கள். இன்னும் 180 கிலோ மீட்டர்தான்!

அங்கே ஷாக்கிள்டன் கணக்குப் பார்த்தார். கையில் இருந்த உணவைக் கொண்டு துருவத்துக்குப் போய்விடலாம். உலகப் புகழ் அடையலாம். ஆனால், உயிரோடு திரும்ப முடியாது.

அவர் திரும்பி நடந்தார்.

வழியில் பட்டினி வாட்டியது. தோழர் பிராங்க் வைல்டு நடக்க முடியாமல் தள்ளாடினார். ஷாக்கிள்டன் தம் பங்கு பிஸ்கோத்தை அவர் கையில் திணித்து, கட்டாயப்படுத்தித் தின்னவைத்தார். ஆயிரம் ஆயிரமாகப் பணம் கொட்டினாலும் அந்தப் பிஸ்கோத்துக்கு ஈடாகாது என்ற பொருளில் வைல்டு தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அந்த நன்றியை அவர் பின்னால் காட்டினார்.

நால்வரும் உயிரோடு ஊர் திரும்பினார்கள். பிரிட்டிஷ் அரசர் ஷாக்கிள்டனுக்கு "சர்" பட்டம் கொடுத்தார்.

பனியின் பிடியில்

1911 டிசம்பர் 14-ந் தேதி, நார்வே நாட்டு அமுண்ட்சன் தென் துருவத்தை முதலில் அடைந்தார். ஒரு மாதம் பின்தங்கிப் போய்ச் சேர்ந்த ஸ்காட், திரும்பும் வழியில் 4 தோழர்களோடு மாண்டார்.

துருவப் போட்டி முடிந்தது. ஷாக்கிள்டன் புதிய திட்டம் போட்டார். அண்டார்டிகா கண்டத்தை ஒரு கரையிலிருந்து மறு கரை வரை நடந்தே கடப்பது!

1914 ஆகஸ்டில் "எண்டுரன்ஸ்" என்ற கப்பல் புறப்பட்டது. எதையும் தாங்கும் உறுதி என்பது அதன் பொருள். அதே சமயத்தில் முதல் உலகப்போர் மூண்டது. கப்பலையும் ஆட்களையும் போருக்குத் தருவதாக ஷாக்கிள்டன் சொன்னார். ஆனால், பிரயாணத்தைத் தொடரும்படி உத்தரவு வந்தது.

போனஸ் அயர்ஸ் துறைமுகத்தில், பிளாக்பரோ என்ற வாலிபர் கப்பலுக்குள் கள்ளத்தனமாக ஒளிந்துகொண்டார். நடுக்கடலில் அகப்பட்டார். ஷாக்கிள்டன் அவரைச் சமையல் அறையில் எடுபிடி வேலைக்கு வைத்துக்கொண்டார்.

நமக்கு டிசம்பரும் ஜனவரியும் குளிர் மாதங்கள். அங்கே அதுதான் கோடை. அந்தக் கோடையிலேயே பனி அவர்களை வளைத்துக்கொண்டது. 1915 ஜனவரியில், வெடல் கடலில் கப்பல் அசையமுடியாமல் சிக்கியது.

10 மாதங்கள் கப்பல் பனியோடு பனியாக மிதந்தது. நடுவே, பல வாரங்கள் சூரியனே எழாத இருட்டு. ஆட்கள் மனம் உடையாதிருக்க, பாட்டு, பந்தாட்டம், நாய் வண்டிப் பந்தயம் என்று ஷாக்கிள்டன் ஏதாவது ஏற்பாடு செய்துகொண்டே இருந்தார்.

கடைசியில் பனி வென்றது. கப்பலைக் கைவிட்டு எல்லோரும் இறங்கினார்கள். நவம்பர் 21-ந் தேதி கப்பல் மூழ்கியது.

தங்கத்தை வீசினார்

சுமை குறைந்தால்தான் பிழைக்கலாம். ஆளுக்கு ஒரு கிலோ சாமான்தான் வைத்துக்கொள்ளலாம் என்று உத்தரவிட்டார் ஷாக்கிள்டன். முதலில் தம்மிடம் இருந்த தங்கக் காசுகளைப் பனியில் வீசி எறிந்தார்.

ஆனால், ஒரே ஒரு பெரிய சாமானை மட்டும் விடவில்லை. அது பாஞ்சோ என்ற நரம்பு வாத்தியம்! வயிறு காய்ந்தாலும் மனம் காயக்கூடாது என்பது அவர் எண்ணம்.

குழுவின் படப்பிடிப்பாளர் ஹர்லி, உடைந்த கப்பலுக்குள் உறையும் தண்ணீரில் இறங்கி, கண்ணாடிப் படத் தகடுகளை வெளியே எடுத்தார். எல்லாவற்றையும் சுமக்க முடியாது. 120 தகடுகளை வைத்துக்கொண்டார். மனம் மாறிவிடக்கூடாது என்று மீதி 400-ஐயும் அங்கேயே உடைத்தார்.

மிதக்கும் பனிக்கட்டிமேல் கூடாரம். சீல் என்ற கடல் பிராணியும் பென்குவின் பறவையும் ஆகாரம். கடைசியில், ஆசையாக வளர்த்த நாய்களையும் சுட்டுத் தின்னும் நிலை வந்தது. இப்படி 5 மாதங்கள் கழிந்தன.

1916 ஏப்ரல் 9-ந் தேதி, காலடியில் பனி பிளந்தது. 3 படகுகளில் ஏறினார்கள். 15-ந் தேதி, யானைத் தீவு என்ற பாறைத் தீவில் இறங்கினார்கள். 497 நாட்களுக்குப் பிறகு அன்றுதான் அவர்கள் கால் தரையில் பட்டது!

சிறு படகும் பெருங்கடலும்

ஆனால், அந்தத் தீவுப் பக்கம் எந்தக் கப்பலும் வராது. உதவியை நாம்தான் தேடிப் போகவேண்டும் என்று ஷாக்கிள்டன் முடிவு செய்தார். போகவேண்டிய இடம் தெற்கு ஜார்ஜியா தீவு. தூரம் 1,300 கிலோ மீட்டருக்கு மேல். உலகத்திலேயே கொடிய கடல் அது. இருந்ததோ 22 அடி நீளப் படகு!

தச்சர் மக்நிஷ், பெட்டிப் பலகையையும் கித்தானையும் வைத்துப் படகுக்கு மேல்தளம் போட்டார். 22 பேரைக் காக்கும் பொறுப்பை வைல்டிடம் ஒப்படைத்துவிட்டு, ஏப்ரல் 24-ந் தேதி 5 பேரோடு ஷாக்கிள்டன் புறப்பட்டார்.

அலைகள் மாடி வீட்டு உயரத்துக்கு எழும்பின. படகின்மேல் படிந்த பனியை வெட்டி வெட்டி எறிந்தார்கள். சூரியனைப் பார்த்துத்தான் திசை கணிக்கவேண்டும். சூரியனோ 4 தடவைதான் தலைகாட்டியது. வார்ஸ்லி என்ற மாலுமி அதை வைத்தே வழி கண்டுபிடித்தார்.

16 நாட்கள் கழித்துத் தீவு வந்தது. ஆனால், அவர்கள் இறங்கியது மனிதர் இல்லாத பக்கம்! திமிங்கல வேட்டைக்காரர்களின் ஊர் மறு பக்கத்தில் இருந்தது. நடுவே யாரும் கடந்திராத பனிமலை.

ஷாக்கிள்டன், வார்ஸ்லி, கிரீன் மூவரும் மலை ஏறினார்கள். கையில் ஒரு கயிறு, தச்சரின் வாய்ச்சி. வழுக்காமல் இருக்கச் செருப்படியில் திருகாணிகள்.

நடுவழியில் மற்ற இருவரும் அசதியில் தூங்கிவிட்டார்கள். பனியில் தூங்கினால் சாவுதான். 5 நிமிடத்தில் ஷாக்கிள்டன் தட்டி எழுப்பினார். அரை மணி நேரம் தூங்கியதாகச் சொன்னார். அந்தப் பொய்யை நம்பி, அவர்கள் தெம்போடு நடந்தார்கள்!

36 மணி நேரம் கழித்து, மே 20-ந் தேதி, ஊருக்குள் வந்தார்கள். தாடியும் சடையும் கந்தலுமாக வந்த மூவரையும் கண்டு, 2 சிறுவர்கள் பயந்து ஓடினார்கள்.

நாலாவது முயற்சி

சாப்பிட்டுப் படுத்துத் தூங்கியிருக்கலாம். ஷாக்கிள்டனுக்கு அந்த எண்ணமே இல்லை. மூன்றே நாளில் ஒரு கப்பலோடு யானைத் தீவுக்குக் கிளம்பினார். பனி தடுத்தது. உருகுவே நாட்டுக் கப்பலில் போனார். பனி தடுத்தது. மூன்றாவதாக ஒரு பாய்மரக் கப்பல். அதற்கும் அதே கதி!

யானைத் தீவில் 22 பேரும், கவிழ்த்துப்போட்ட 2 படகுகளுக்கு அடியில் வாழ்ந்தார்கள். பிளாக்பரோவின் கால் விரல்கள் குளிரில் அழுகின. டாக்டர்கள் அடுப்பு வெளிச்சத்தில் அவற்றை வெட்டி எடுத்தார்கள்.

நாட்கள் ஓடின. தலைவர் கடலில் மூழ்கியிருப்பார் என்று சிலர் நினைத்தார்கள். வைல்டு நம்பிக்கை இழக்கவில்லை. தலைவர் இன்று வரலாம் என்று சொல்லி, தினமும் காலையில் எல்லோரையும் படுக்கை சுருட்டித் தயாராக இருக்கச்செய்தார்.

ஆகஸ்டு 30-ந் தேதி, சிலி நாட்டின் சிறு கப்பல் ஒன்று தெரிந்தது. அதன் தலைவர் லூயிஸ் பார்டோ. தளத்தில் நின்ற ஷாக்கிள்டன், கரையில் தெரிந்த உருவங்களை ஒவ்வொன்றாக எண்ணினார்.

எண்ணிக்கை 22! ஒருவர்கூடக் குறையவில்லை.

நிறையும் குறையும்

ஆனாலும், இந்தக் கதையில் துக்கமும் உண்டு. கண்டத்தின் மறு கரையில் ஷாக்கிள்டனுக்காக உணவு கொண்டுபோய் வைத்த மற்றொரு குழுவில் 3 பேர் மாண்டார்கள். மிஞ்சிய 7 பேரை அழைத்துவர 1917-ல் ஷாக்கிள்டனும் மீட்புக் கப்பலில் போனார்.

தச்சர் மக்நிஷ் கை வைத்ததால்தான் அந்தச் சிறு படகு கரை சேர்ந்தது. ஆனால், பனிமேல் இருந்தபோது ஒரு நாள் தலைவரின் உத்தரவை அவர் எதிர்த்தார். அதை ஷாக்கிள்டன் மறக்கவில்லை. துருவ வீரர்களுக்கான பதக்கம் தச்சருக்குக் கிடைக்கவில்லை. இது அநீதி என்று இன்றும் பலர் வருந்துகிறார்கள்.

தொழிலில் ஷாக்கிள்டன் கையை வைத்ததெல்லாம் நஷ்டம். 1921-ல் மீண்டும் தென்திசைக்குக் கிளம்பினார். வைல்டும் கூட வந்தார். 1922 ஜனவரி 5-ந் தேதி, தெற்கு ஜார்ஜியா தீவில், கப்பலிலேயே மாரடைப்பால் காலமானார். வயது 47. கடன் மட்டும் சுமார் 40 ஆயிரம் பவுன் இருந்தது.

உடல் இங்கிலாந்துக்குப் புறப்பட்டுவிட்டது. எமிலி அம்மையார், தெற்கு ஜார்ஜியாவிலேயே அடக்கம் செய்யச் சொல்லி அனுப்பினார். 1922 மார்ச் 5-ந் தேதி, திமிங்கல வேட்டைக்காரர்களின் கல்லறைகளுக்கு நடுவே அவர் அடக்கம் ஆனார்.

சரியாக 100 ஆண்டுகள் கழித்து, 2022-ம் ஆண்டு அதே மார்ச் 5-ந் தேதி, "எண்டுரன்ஸ்" கப்பல் கண்டுபிடிக்கப்பட்டது! 3,008 மீட்டர் ஆழத்தில் அது நிமிர்ந்து நிற்கிறது. பின்புறத்தில் எழுதிய பெயர்கூட அழியவில்லை. அன்று வார்ஸ்லி குறித்துவைத்த இடத்திலிருந்து சுமார் 7 கிலோ மீட்டர் தூரத்தில்தான் அது கிடக்கிறது.

கடலுக்கு அடியில் எடுத்த அந்தக் காட்சிகளையும், ஹர்லி காப்பாற்றிக் கொண்டுவந்த படங்களையும் சேர்த்து, 2024-ல் ஓர் ஆவணப்படம் வெளிவந்தது.

தென் துருவத்தை ஷாக்கிள்டன் அடையவில்லை. கண்டத்தையும் கடக்கவில்லை. ஆனால், அவரோடு பனியில் நின்ற 27 பேரும் தத்தம் வீட்டு வாசலை மிதித்தார்கள்.

பிஸ்கோத்து வாங்கித் தின்ற பிராங்க் வைல்டு 1939-ல் இறந்தார். அவருடைய சாம்பல் 2011-ம் ஆண்டில் தெற்கு ஜார்ஜியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இப்போது அவர் தம் தலைவருக்கு வலப்பக்கத்தில் உறங்குகிறார்.