ரின்பால் தந்த கெயில் போடன்

சார்ஜாவின் முவைலாவில் வேலை முடிந்து திரும்புவோர் அருந்தும் தேநீரிலும், ஊரில் நாம் அருந்திய தேநீரிலும் கலந்த ரின்பாலுக்கு வித்திட்டவர் கெயில் போடன்.

1801 நவம்பர் 9 இல் நியூயோர்க் மாநிலத்தின் நோர்விச்சில் பிறந்த அன்னார், குடும்பத்துடன் இடம்பெயர்ந்து வளர்ந்து, 1829 இல் ரெக்சாஸ் சேர்ந்தார். நில அளவையாளர், பத்திரிகையாளர், சுங்க அதிகாரி எனப் பல தொழில் பார்த்தார். 1836 போரில் அவரது அச்சியந்திரத்தை மெக்சிக்கப் படை நீரில் எறிந்தது. அவர் ஆக்கிய இறைச்சி பிஸ்கோத்து 1851 இல் லண்டன் கண்காட்சியில் பதக்கம் பெற்றது. விற்பனையிலோ கடனே மிஞ்சியது.

லண்டனிலிருந்து மீண்ட கப்பலில், நோயுற்ற பசுக்களின் பாலருந்திய குழந்தைகள் இறக்கக் கண்டார் என்பர். கெடாத பால் வேண்டும் என்ற எண்ணம் அவரை விடவில்லை.

பாலைச் சுண்ட வைத்தால் அடிபிடிக்கும். எந்த அடுப்படியும் இதை அறியும். பாலிலுள்ள பீற்றா லக்டோகுளோபியூலின் என்னும் புரதம் ஏறத்தாழ 70 பாகை செல்சியசைத் தாண்டினால் மடிப்பவிழ்ந்து, சூடான உலோகத்தில் ஒட்டும். கல்சியம் பொஸ்பேற்றும் சேர்ந்து படியும். (ஒட்டகப் பாலில் அப்புரதம் இல்லை, ஆயினும் அதுவும் படியவே செய்யும்.)

ஷேக்கர் என்னும் மதக்குழுவினர் வெற்றிடக் கலத்தில் சாறு காய்ச்சுவதைப் போடன் கண்டார். காற்றழுத்தம் குறைந்தால் பால் 60 பாகைக்கும் கீழே கொதிக்கும். அப்போதும் அது நுரைத்துச் சுவரில் ஒட்டியது. கலத்தின் உட்புறம் கொழுப்புப் பூசித் தடுத்தார் என்பர். காரணம் அவர் அறிந்திலர். காற்றுப் புகாமையே பாலைக் காக்கிறது என நம்பினார்.

1856 ஓகஸ்ட் 19 இல் காப்புரிமை கிடைத்தது. முதல் தொழிற்சாலை மூடப்பட்டது. அடுத்ததும் தள்ளாடுகையில், புகைவண்டியில் அறிமுகமான ஜெரமையா மில்பாங்க் முதலிட்டார். 1861 இல் மூண்ட உள்நாட்டுப் போரில் படையினருக்கு இப்பால் பெருமளவு தேவைப்பட்டது. பால் தரும் பண்ணையாரிடம் போடன் கண்டிப்பான தூய்மையைக் கோரினார்.

இக்காலத் தொழிற்சாலைகள் பாலை முன்னதாகவே 90 பாகையளவில் சில நிமிடம் சூடாக்கி வைக்கின்றன. புரதம் பாலுக்குள்ளேயே அவிழ்ந்து கேசீனுடன் இணைவதால், பின்வரும் வெந்தகடுகளில் படிவு குறைகிறது. ஆனாலும் எரிசோடாவாலும் அமிலத்தாலும் இயந்திரங்களைக் கழுவாமல் முடிவதில்லை.

1874 ஜனவரி 11 இல் ரெக்சாசில், தம் பெயர் தாங்கிய ஊரில் போடன் காலமானார். உடல் நியூயோர்க் கொண்டு செல்லப்பட்டு, வூட்லோன் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டது.