இடைவெளியை இணைத்தவர்

ஓரூரில் ஒரு பொருளின் விலை ஏறுகிறது. அச்செய்தியை முதலில் அறிந்தவர் ஆதாயம் பெறுகிறார்; அறியாதவர் தம் பொருளைக் குறைந்த விலைக்கு விற்று ஏமாறுகிறார். பொருளைப் போலவே செய்திக்கும் விலை உண்டு. இதனை உணர்ந்து, செய்தியைக் கொண்டு சேர்ப்பதையே தம் தொழிலாக்கிக் கொண்டவர் பால் ஜூலியஸ் ராய்ட்டர்.

இவர் 1816ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் ஜெர்மனியின் காசல் நகரில் யூத சமயகுரு ஒருவரின் மகனாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் இஸ்ரேல் பேர் யோசபாத். இளமையில் உறவினர் ஒருவரின் வங்கியில் பணிபுரியக் கோட்டிங்கன் நகருக்குச் சென்றார். அங்கே, கம்பி வழியாக மின்சாரத்தால் செய்தி அனுப்பும் ஆய்வில் ஈடுபட்டிருந்த கணித மேதை காஸ் என்பாரின் அறிமுகம் அவருக்குக் கிடைத்தது. 1845ஆம் ஆண்டு கிறித்தவ சமயத்தைத் தழுவி, ராய்ட்டர் என்னும் புதுப்பெயரை ஏற்றார். அவ்வாண்டிலேயே ஐடா என்னும் பெண்மணியை மணந்தார்.

வாழ்க்கை எளிதாக அமையவில்லை. பெர்லினில் நூல் விற்பனையில் ஈடுபட்டார். பின்னர் பாரிசில் செய்தி நிறுவனம் ஒன்றில் பணியாற்றினார். 1849ஆம் ஆண்டு அங்கே அவர் சொந்தமாகத் தொடங்கிய செய்தி மடல் சில திங்களிலேயே நின்றுபோயிற்று. எனினும் அவர் மனந்தளரவில்லை.

அக்காலத்தில் பெர்லினிலிருந்து புறப்பட்ட தந்திக் கம்பி ஆகன் நகரோடு முடிந்தது. பாரிசிலிருந்து வந்த கம்பி பிரஸ்ஸல்ஸ் நகரோடு நின்றது. இடையே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி இல்லை. தொடர்வண்டியில் செய்தி வந்து சேர ஆறு மணி நேரத்திற்கு மேலாயிற்று. 1850ஆம் ஆண்டு ராய்ட்டர் இவ்விடைவெளியைப் புறாக்களைக் கொண்டு இணைத்தார். பாரிஸ் பங்குச் சந்தையின் விலைகளைத் தாங்கிய புறாக்கள் இரண்டு மணி நேரத்தில் ஆகனை அடைந்தன. வணிகர்கள் அச்செய்திக்குப் பணம் கொடுக்க முன்வந்தனர்.

ஆனால் விரைவில் அவ்விடைவெளியிலும் தந்திக் கம்பி வந்துவிட்டது. புறாக்களுக்கு வேலை இல்லாமற் போயிற்று. ராய்ட்டர் அதற்காக வருந்திக்கொண்டிருக்கவில்லை. 1851ஆம் ஆண்டு அக்டோபரில் இலண்டன் பங்குச் சந்தைக்கு அருகில் சிறிய அலுவலகம் ஒன்றைத் திறந்தார். அடுத்த திங்களே ஆங்கிலக் கால்வாயின் அடியில் இடப்பட்ட தந்திவடம் செயற்படத் தொடங்கியது. இலண்டன் விலைகள் பாரிசுக்கும், பாரிஸ் விலைகள் இலண்டனுக்கும் அன்றன்றே சென்றன. முதலில் அவரை ஏற்க மறுத்த இலண்டன் நாளிதழ்கள் 1858ஆம் ஆண்டு முதல் அவருடைய செய்திகளை வாங்கலாயின.

இவ்வலை இந்தியாவையும் எட்டியது. 1865ஆம் ஆண்டு அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிவுற்றதும் பருத்தி விலை சரிந்து, பம்பாய் வணிகர் பலர் தம் செல்வத்தை இழந்தனர். கடல்கடந்த நாட்டின் நிகழ்வு தம் கடைவாயிலையும் தாக்கும் என அவர்கள் கண்டுகொண்டனர். மறு ஆண்டே ராய்ட்டர் நிறுவனம் பம்பாயில் கிளை திறந்தது. கப்பலில் வாரக்கணக்கில் வந்த இங்கிலாந்துச் சந்தை நிலவரம் இப்போது தந்தியில் சில நாள்களில் வந்தது.

1899ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் ராய்ட்டர் பிரான்சின் நீஸ் நகரில் மறைந்தார். அன்று தந்தி செய்த பணியை இன்று கணினிகளும், மும்பை, சென்னைக் கடற்கரைகளை வந்தடையும் கண்ணாடி இழை வடங்களும் நொடிப்பொழுதில் செய்கின்றன. வெளியூரில் உழைக்கும் தந்தை அனுப்பும் பணம், சிற்றூரில் வாழும் பாட்டியின் வங்கிக் கணக்கை உடனே அடைகிறது. ஆயினும் கைப்பேசி இணைப்பு எட்டாத ஊர்கள் இன்றும் உள்ளன. அங்கு வாழ்வோர்க்குச் சந்தை விலை இன்றும் தாமதமாகவே தெரிகிறது. அவ்விடைவெளிகளை இணைக்கும் பணி இன்னும் எஞ்சியிருக்கிறது.